சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நான் அடித்த ஆள்

என் செல்லச் சண்டைக்காரன் பென்னிக்கு,

உன்னிடம் சொல்லாமல் எதையும் என்னால் அதிக நாள் வைத்திருக்க முடிந்ததில்லை. இதையும் வேறு யாரும் உன்னிடம் சொல்லக் கூடாது, நான்தான் சொல்ல வேண்டும். உன்னைக் கட்டையால் அடித்தவனைப் பார்த்தேன். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில். பார்த்ததோடு நிற்கவில்லை. ரத்தம் வரும்வரை அடித்தேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பொறுத்துக்கொள்.

நீ பாலக்கரையில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமையானால் வினாடி வினா நடத்தக் கிளம்பிவிடுவாய். பங்குத் திருவிழா, காலனி ஆண்டு விழா, கல்யாண ரிசப்ஷன், யார் கூப்பிட்டாலும் சரி. கேள்வி கேட்க நீ, மார்க் போட நான். "நம்ம நாட்டோட தேசிய விளையாட்டு எது?" என்பாய். ஹாக்கி என்று கூட்டமே கத்தும். "அப்படி எதையும் அரசாங்கம் அறிவிக்கவே இல்லைங்க" என்று நீ சிரிப்பாய். பாதிப் பேர் மேடைக்கே சண்டைக்கு வருவார்கள். மலைக்கோட்டைப் பாறை இமயமலையைவிட மூத்தது என்று யாராவது பெருமையாகச் சொன்னால் தலையாட்டுவாய். அவர் அதோடு இத்தனை கோடி வருஷம் என்று சேர்த்தால் மட்டும், "அதை யாருங்க அளந்தது?" என்பாய்.

நம் குடும்ப வாட்ஸாப் குழுவிலும் நீ அப்படித்தான். வருகிற செய்தியைத் தேடிப் பார்த்து "தப்பு" என்று ஒரே வார்த்தையில் பதில் போடுவாய். பெரிய மாமா கோபித்துக்கொண்டு உன்னைக் குழுவிலிருந்தே தூக்கினார். அம்மாதான் கெஞ்சித் திரும்பச் சேர்த்தாள்.

அந்த ஞாயிறு லால்குடிப் பக்கம் ஒரு மாதா கோயில் திருவிழாவில் வினாடி வினா முடித்துவிட்டு உன் பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். அந்த வாரம் முழுக்க எல்லோர் போனிலும் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருந்தது. தூங்குகிற குழந்தையை ஒருவன் சாக்கில் போட்டுக் கட்டித் தோளில் தூக்கிக்கொண்டு ஓடுவான். "பிள்ளை பிடிக்கிறவங்க நம்ம ஊருக்குள்ள வந்துட்டாங்க" என்று கீழே எழுதியிருக்கும். அது யாரோ நடித்து எடுத்த குறும்படம் என்று நீ அன்று காலையிலேயே கண்டுபிடித்திருந்தாய். முழுப் படத்தில் கடைசியில் சாக்கை அவிழ்ப்பார்கள். குழந்தை எழுந்து சிரித்துக் கையாட்டும். அந்தக் கடைசித் துண்டை வெட்டிவிட்டு மற்றதை அனுப்பியிருந்தார்கள்.

வயல்களுக்கு நடுவே ஒரு டீக்கடை வளைவில் கூட்டம் நின்றது. கரண்ட் கம்பத்தில் ஒருவரைக் கட்டியிருந்தார்கள். ஊர் ஊராகக் கம்பளி விற்கிற வடநாட்டுக்காரர். ஒரு கண் வீங்கி மூடிப்போயிருந்தது. பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். அவருடைய கம்பளிகள் ரோட்டில் எரிந்துகொண்டிருந்தன. நீ வண்டியை நிறுத்தினாய்.

"போலீசுக்கு போன் பண்ணுக்கா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாய். உன்னைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. உன்னைத் தடுத்து யார் ஜெயித்திருக்கிறார்கள்?

"ஏங்க, கொஞ்சம் நிறுத்துங்க. அந்த வீடியோ முழுசா என்கிட்ட இருக்கு, பாருங்க" என்று போனை அவர்கள் முகத்துக்கு நேராகப் பிடித்தாய். முன்னால் நின்றவர்கள் பார்த்தார்கள். குழந்தை சாக்கிலிருந்து எழுந்து சிரித்தது. அடி நின்றது. யாராவது சரியான விடை சொல்லிவிட்டால் உன் முகத்தில் ஒரு வெளிச்சம் வருமே, அது வந்தது. போலீசிடம் இடத்தைச் சொல்லிக்கொண்டே நான் அதைப் பார்த்தேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "நம்ம யாருகிட்டயும் இல்லாத முழு வீடியோ இவன்கிட்ட மட்டும் எப்படிடா வந்துச்சு? இவனும் அந்தக் கூட்டந்தான்!"

தேடினால் யாருக்கும் கிடைக்கும் என்று சொல்லத்தான் நீ வாயெடுத்திருப்பாய். அந்த வாயிலேயே முதல் குத்து விழுந்தது.

நான் ஓடிவந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பின்னாலிருந்து யாரோ என் வலது கையை முறுக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்து கிடந்த இடத்திலிருந்து பார்த்தேன். நீ முழங்காலில் இருந்தாய். பச்சைச் சட்டை போட்ட ஒருவன் சவுக்குக் கட்டையை இரண்டு கையாலும் ஓங்கி உன் தலையில் இறக்கினான். அந்தச் சத்தத்தை நான் எழுத மாட்டேன். நீ குப்புற விழுந்த பிறகும் அவன் மறுபடி ஓங்கினான். போலீஸ் ஜீப் தெரிந்ததும் ஒருவர் மிச்சமில்லாமல் ஓடினார்கள்.

ஆஸ்பத்திரியில் நீ கண் திறக்கவே இல்லை. கம்பளிக்காரர் பிழைத்துக்கொண்டார். ஊருக்குப் போய்விட்டார். பண்டிகை வந்தால் போன் செய்கிறார். அவர் பாஷை எனக்குப் புரியாது, என்னுடையது அவருக்கு. "பாய், பாய்" என்று அழுவார். பாய் என்றால் சகோதரனாம். உன்னைத்தான் சொல்கிறார் என்பது மட்டும் புரியும்.

பச்சைச் சட்டைக்காரன் பெயர் செந்தில். நெல் அறுக்கிற மெஷின் ஓட்டுகிறவன். அவனோடு கைதான எல்லோரும் இப்போது ஜாமீனில் வெளியே இருக்கிறார்கள். கேஸ் நடக்கிறது. என்னை இன்னும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை.

நான் ஸ்ரீரங்கத்தில் அதே பல் டாக்டர் கிளினிக்கில்தான் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வந்து அம்மாவுக்கு மாத்திரை வாங்கச் சத்திரத்தில் இறங்கினேன். லால்குடி பஸ் நிற்கிற இடத்தில் அவன் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தான். ஒவ்வொன்றாக உரித்து, தோலை ஊதிவிட்டு, நிதானமாக. அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முறிந்த என் வலது கையில் ஸ்டீல் பிளேட் வைத்திருக்கிறார்கள், ஓங்க வராது. இடது கையில் டிபன் கேரியர் இருந்தது. சுழற்றி அடித்தேன். புருவம் கிழிந்தது. திரும்பியவன் என்னை அடையாளம் கண்டுகொண்டான். கையைக்கூடத் தூக்கவில்லை. "அக்கா... அக்கா..." என்றான். அந்த வார்த்தையை அவன் வாயில் கேட்டதும் எனக்கு வெறி ஏறிவிட்டது. மூக்கில் அடித்தேன். காதில் அடித்தேன். கேரியர் மூடி கழன்று ரோட்டில் உருண்டது. அவன் உட்கார்ந்தான். உட்கார்ந்தவனையும் அடித்தேன்.

"என்னக்கா பண்ணான்?" என்று யாரோ கேட்டார்கள். எனக்கு மூச்சு வாங்கியது. நான் பேசாததற்கு மற்றவர்களே பதில் வைத்துக்கொண்டார்கள்.

"செயினை அறுத்தானாம்."

"இல்லைங்க, பஸ்ல வம்பு பண்ணினானாம்."

"போன வாரம் ஒரு காலேஜ் புள்ளைகிட்டயும் இவன்தான்."

நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பென்னி. அதற்குள் அவனுக்குப் பழைய குற்றம்கூட வந்துவிட்டது. முதல் உதை அவன் விலாவில் விழுந்தது. பூ விற்கிற அம்மா செருப்பைக் கழற்றினாள். ஒருவன் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கிக்கொடுக்க, இன்னொருவன் முகத்தில் குத்தினான். சுற்றிலும் போன்கள் உயர்ந்தன.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? எனக்கு இனித்தது. இன்னும் விழட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவன் அழுகை காதுக்கு நன்றாக இருந்தது. பிறகு பின்னால் நின்ற ஒருவர், வெள்ளை வேட்டி கட்டிய வயசான மனுஷர், ஓரத்தில் கிடந்த சிமெண்ட் கல்லை இரண்டு கையாலும் தூக்கினார். அவருக்கும் இவனுக்கும் என்ன? எனக்கும் அவருக்கும் என்ன? கல் அவர் தலைக்கு மேலே போனது.

நான் அவன்மேல் விழுந்தேன். யோசித்துச் செய்யவில்லை. எனக்கு விழ வேண்டிய உதை இல்லை என்றாலும் ஒன்று என் முதுகிலும் விழுந்தது.

"இவன் செயினை அறுக்கலைங்க! பாருங்க, கழுத்துல கெடக்கு! என்னை இவன் தொடவே இல்லை!"

"அப்ப எதுக்கு இப்படிப் போட்டு அடிச்சீங்க?" என்று கல்லை இறக்காமலே அந்தப் பெரியவர் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

பதில் என் வாயில் இருந்தது. இவன் என் தம்பியைக் கொன்றவன். அதில் ஓர் எழுத்தும் தப்பில்லை. அதைச் சொன்ன நொடியில் அந்தக் கல் இறங்கியிருக்கும். நானும் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டிருப்பேனோ என்னவோ.

"அது கோர்ட்டுல இருக்குங்கய்யா. அங்க சொல்லிக்கிறேன். கல்லைக் கீழ போடுங்க" என்றேன்.

போலீஸ் வந்து எங்கள் இருவரையும் அவுட்போஸ்டுக்குக் கூட்டிப்போனது. ஒரே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவன் கைக்குட்டையால் மூக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான். என் புடவையில் அவன் ரத்தம்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாதுக்கா" என்றான்.

"அவன் சொன்னானேடா. உன் மூஞ்சிக்கு நேரா போனைப் புடிச்சுக் காமிச்சானே."

அவன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தான். "காமிச்சாரு. பார்த்தேன். பொய்யின்னு புரிஞ்சுதுக்கா. ஆனா கட்டை கையில இருந்துச்சு. எல்லாரும் என்னையத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க."

பக்கத்தில் நின்ற பெண் போலீஸ் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டார். எனக்கு அவனை மறுபடியும் அடிக்கத் தோன்றியது. அவனுக்குத் தெரிந்திருக்கிறது, பென்னி. நீ அந்தக் கூட்டத்தில் ஒருவனுக்காவது புரியவைத்துவிட்டாய். அவனேதான் அடித்திருக்கிறான். இதை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அவன் புகார் கொடுக்க மாட்டேன் என்றான், எழுதி வாங்கிக்கொண்டு எங்களை விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வருவதற்குள் வீடியோ எனக்கு முன்னால் வந்துவிட்டது. நான் அடிப்பதுவரைதான் இருந்தது. "செயின் பறித்த திருடனைப் புரட்டி எடுத்த திருச்சி சிங்கப் பெண்." பெரிய மாமா பத்துக் கைதட்டல் போட்டிருந்தார். அம்மா வாசலிலேயே என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். "நல்லா போட்டேடி! யார் அந்தக் களவாணிப் பய?"

சொன்னேன். அவள் முகம் மாறியது. கடைசியில் நடந்ததையும் சொன்னேன்.

"என் புள்ளையைக் கொன்னவன் மேல போய் விழுந்தியா? அவனைக் காப்பாத்தவா உன்னைப் பெத்தேன்?" என் கன்னத்தில் அறைந்தாள். நம் இருவரையும் சின்ன வயசிலும் கை நீட்டாதவள். பல நாள் என்னோடு பேசவில்லை. சோற்றுத் தட்டைத் தரையில் டங்கென்று வைப்பாள், போய்விடுவாள். ஒரு நாள் குனிய முடியாமல் நான் திணறியதைப் பார்த்து, தைலத்தை எடுத்துவந்து முதுகில் தேய்த்தாள். வலிக்கிற மாதிரிதான் தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். "அவன் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பான். ரெண்டும் ஒரே மாதிரி வந்து தொலைச்சிருக்கு" என்றாள்.

வக்கீல் வேறு மாதிரி பேசினார். "வீடியோ உங்களுக்குச் சாதகமாத்தான் இருக்கு. யாரும் கேக்காம நீங்களா வாயைத் திறக்காதீங்க. குற்றவாளியை சாட்சியே அடிச்சாங்கன்னா எதிர்த் தரப்புக்கு லட்டு மாதிரி." மாமாவும் அதையேதான் சொன்னார். இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் யாரோ அவன் ஊர்ப் பெயரையும் போட்டு, வீட்டில் புகுந்து உதைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அவன் வீட்டில் பெண்டாட்டியும் இருப்பாள்தானே?

எங்கெல்லாம் அந்த வீடியோ கண்ணில் பட்டதோ அங்கெல்லாம் எழுதினேன். "தப்பு. அந்தப் பெண் நான்தான். இந்த ஆள் செயின் பறிக்கவில்லை. நான்தான் முதலில் அடித்தேன்." வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். முகம் தெரியாத சிலர் என்னைக் கேட்கக் கூடாத வார்த்தைகளில் திட்டினார்கள். பெரிய மாமா குழுவிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார். இந்த முறை அம்மா கெஞ்சப் போகவில்லை.

அடுத்த மாதம் கோர்ட்டில் என்னைக் கூப்பிடுவார்கள். கட்டை யார் கையில் இருந்தது என்று சொல்வேன். நீ விழுந்த பிறகும் அதை அவன் ஓங்கியதைச் சொல்வேன். பெஞ்சில் உட்கார்ந்து அவன் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன். என் கையை முறித்தவன் முகத்தை நான் பார்க்கவில்லை. வரிசையாக எத்தனை பேரை நிறுத்திக் காட்டினாலும் பார்த்ததாகச் சொல்ல மாட்டேன். செந்திலை மன்னித்தாயா என்று யாராவது கேட்டால், இல்லை என்பேன். அவனுக்குத் தண்டனை வேண்டும், பென்னி. ஆனால் அவன் செய்ததற்கு. இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு. குரல் நடுங்கும். நடுங்கட்டும்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற,
உன் அக்கா ரெஜினா