ஈரத் துண்டு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

துறைமுகச் சங்கத்தில் இன்று பாதுகாப்பு வகுப்பு. குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். முதலில் பிரியாணி போட்டதுதான் தப்பு. இவர் ஒரு வெட்டு வெட்டிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து வாயைத் திறந்து தூங்கினார். பக்கத்தில் கூட்டாளி பர்னபாஸும் அப்படியே. இருவரும் கப்பலின் அடிக்கிடங்குக்குள் இறங்கிச் சரக்கு இறக்குகிறவர்கள், எங்கள் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஜோடி. எனக்கு மானம் போயிற்று. சரி, இரண்டு பேருக்கும் சேர்த்து நாமே கேட்போம் என்று கேட்டேன்.

வகுப்பெடுத்த ஈவாஞ்சலின் மேடம் சொன்னது: மரக்கட்டைகள் ஏற்றிவந்த கிடங்கு மூடியே கிடந்தால், உள்ளே இருக்கிற ஆக்ஸிஜனை அந்த மரமே தின்றுவிடும். நாற்றம் இருக்காது, கண் எரியாது. இறங்குகிற ஆள் ஏணியிலேயே மயங்கி விழுவான். மீட்டர் வைத்துக் காற்றைப் பார்க்காமல் யாரையும் உள்ளே அனுப்பக் கூடாது, அது சட்டம். ஆபத்து என்று சொல்லி மேலேயே நிற்கத் தொழிலாளிக்கு உரிமை உண்டு.

ஒருத்தர் எழுந்து, "ஈரத் துண்ட மூக்குல கட்டிக்கிட்டுதான மேடம் எறங்குதோம்?" என்றார்.

"துண்டு தூசியத் தடுக்கும். இல்லாத காத்த எங்கேருந்து கொண்டுவரும்?"

விழுந்தவனைத் தூக்கப் பின்னாலேயே இறங்குகிறவனும் அங்கேயே விழுவான் என்றும் சொன்னார். தினமும் அந்தத் துண்டை நனைத்துப் பிழிந்து பையில் வைத்து அனுப்புவது நான்தானே?

3 பிப்ரவரி

துண்டு வைக்கவில்லை. வாசலில் நின்று பையைத் துழாவினார்.

"ஏளா, துண்ட எங்க?"

"கெடையாது. மீட்டர் வச்சுப் பாத்துட்டு எறங்குங்க."

"மீட்டர் வாரது வரைக்கும் போர்மேன் எனக்கு வெத்தல மடிச்சுக் குடுப்பானாக்கும்?"

சண்டை போடும்போதும் சிரிக்க வைத்துவிடுகிறார். இந்த மனுஷனோடு அதுதான் பெரிய தொல்லை. நான் சிரிக்கவில்லை. உள்ளே போய்த்தான் சிரித்தேன்.

6 பிப்ரவரி

பேச்சுவார்த்தை இல்லை. மீன் குழம்பு மட்டும் மறுபடி மறுபடி கேட்டு வாங்கிக்கொண்டார்.

8 பிப்ரவரி

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "உள்ள பர்னபாஸ் அண்ணன் விழுந்துட்டா என்ன செய்வீங்க?"

"இதென்ன கேள்வி? எறங்கித் தூக்குவேன்."

ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. இந்தக் குணத்துக்காகத்தானே இவர்மேல் எனக்கு இத்தனை பிரியம்? இப்போது பயமும் அதை நினைத்துத்தான்.

"தூக்க மாட்டீங்க. கூடவே கெடப்பீங்க. ரெண்டு வீடும் தெருவுல நிக்கும். மேடம் சொல்லும்போது நீங்க கொறட்ட விட்டுக்கிட்டு இருந்தீங்க."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

11 பிப்ரவரி, செவ்வாய்

மத்தியானமே வந்துவிட்டார். மரக்கட்டை ஏற்றிவந்த கப்பலாம். முகம் கடுகடுவென்றிருந்தது.

"பர்னபாஸுக்கும் எனக்கும் பேச்சு முறிஞ்சு போச்சு. போர்மேன் இனிமே வேலைக்கு வராதன்னுட்டான்."

அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை. பர்னபாஸோடா? என்னதான் செய்து தொலைத்தார் இந்த மனுஷன்? இருந்தாலும் — ஆள் முழுசாக வீடு வந்து சேர்ந்தாரே. அது போதும் எனக்கு.

12 பிப்ரவரி

பகல் பூராவும் வீட்டில். எண்ணெய் விடுகிறேன் என்று நான் கூலிக்குத் தைக்கிற மெஷினைக் கெடுத்து, திட்டு வாங்கி, பிறகு அவரே சரிசெய்தார். இவர் வீட்டில் இருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. சொன்னால் தலைக்கு ஏறிவிடும். சொல்லவில்லை.

13 பிப்ரவரி

இவர் பின்னால் குளித்துக்கொண்டிருந்தபோது பர்னபாஸின் மனைவி சுஜிதா வந்தாள். கையில் ஒரு சட்டை. காலர் பாதி கிழிந்து தொங்கியது, மேல் பித்தான்கள் இல்லை.

"அண்ணன் ஒண்ணும் சொல்லலியாக்கா?"

"வாயே தொறக்கல. என்னளா நடந்துச்சு?"

"மீட்டர் வந்தாத்தான் எறங்குவோம்னு அண்ணன் கெடங்கு வாசல்ல நின்னுட்டாவளாம். போர்மேன் ஏசியிருக்கான். எங்க வீட்டு வீரரு, 'நான் துண்டு கட்டியிருக்கேன், நான் போறேன்'னு ஏணியில கால வச்சிட்டாவ. அண்ணன் காலரப் புடிச்சு ஒரே இழுப்பு. எல்லாரு முன்னாலயும் இவுக மல்லாக்க விழுந்தாவளாம். அந்தக் கோவம்."

"பொறவு?"

"மத்தவங்களும் எறங்க மாட்டோம்னு உக்காந்துட்டாங்க. சாயங்காலம் மீட்டரக் கொண்டாந்து கயித்துல கட்டி உள்ள விட்டாங்களாம். பாதி தூரம்கூடப் போகல, காத்து இல்லன்னு மீட்டரு கத்த ஆரம்பிச்சிட்டாம் அக்கா."

அவளைச் சேர்த்து அணைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, சங்கத்துக்காரர்கள் பேசி இவரை நாளைக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். கூட்டிப்போக பர்னபாஸே வருகிறாராம். இந்தச் சட்டையைத்தான் போட்டுக்கொண்டு வருவேன் என்று பிடிவாதமாம்.

காலரைத் தைத்துக்கொண்டிருந்தேன். இவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார்.

"யாரு சட்ட?"

"நீங்க கிழிச்சதுதான்."

குனிந்து காலரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"கூலி வாங்கிராதளா."