புகையம்மா கேட்ட கேள்வி

அன்புள்ள என் வீட்டுக்காரிக்கு,

முதலில் என் கையெழுத்தை மன்னித்துவிடு. ஒரு எழுத்து பொங்கி நிற்கிறது, பக்கத்து எழுத்து அமுங்கிக் கிடக்கிறது. அடுப்பில் சூடு சரியாகப் பரவாத நாளில் நான் வேலை பார்த்த பேக்கரியில் ரொட்டிகள் இப்படித்தான் வரும். பேனாவை அழுத்தி அழுத்தி நடுவிரல் தடித்துவிட்டது. ஆனாலும் யாரையும் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. இதில் இருக்கிற ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. அங்கே மகன் வீட்டில் மருமகளிடம் காட்டு. பேரனிடமும் காட்டு. அவன் சிரித்தால் சிரிக்கட்டும், அவனும் இப்போதுதானே எழுதப் படிக்கிறான்.

'அன்புள்ள' என்று எழுதியதும் மாட்டிக்கொண்டேன். இத்தனை வருடமாக உன்னை 'இந்தா', 'இங்க பாரு' என்றுதானே கூப்பிட்டிருக்கிறேன்! எனக்கு எழுதப் படிக்கச் சொல்லித்தரும் முதியோர் வகுப்பு டீச்சரிடம் கேட்டேன். பேரை எழுதுங்கள் என்றார். எழுதிப் பார்த்தேன். யாரோ பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிற மாதிரி கூச்சமாக இருந்தது. அடித்துவிட்டு இப்படி எழுதினேன்.

இனிமேல் பஸ் போர்டைப் படிக்க உன் முழங்கையை இடிக்க வேண்டியதில்லை. போன வாரம் ஒரு கடையின் பெயர்ப்பலகையைத் திக்காமல் முழுசாகப் படித்துவிட்டேன். படித்த சந்தோஷத்தில் திரும்பிப் பார்த்தேன். நீ வழக்கமாக நிற்கிற பக்கத்தில் ஒரு சைக்கிள் நின்றிருந்தது.

சமையலறைக் குழாய் ஒழுகுவதை நிறுத்திவிட்டேன். மாடிப்படி விளக்கு மறுபடி போய்விட்டது, ஆள் வரவில்லை. உன் சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாயா? குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலையாதே, உன் இடுப்பு தாங்காது.

போனில் பேசுவதை விட்டுவிட்டு ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நாம் எங்கே பேசுகிறோம்? மகன் ஸ்பீக்கரில் போடுகிறான். பேரன் நடுவில் வந்து கத்துகிறான். போன ஞாயிற்றுக்கிழமை மகன் கேட்டான், குழந்தை பள்ளிக்கூடம் பழகும்வரை அம்மா இன்னும் ஒரு வருடம் இருக்கட்டுமா, உங்களுக்குச் சம்மதம் என்றால் அம்மா திரும்பி வரும் டிக்கெட்டை இந்த மாதக் கடைசியில் மாற்றிவிடுகிறேன் என்று. "உங்க இஷ்டம்பா, எனக்கு இங்க ஒரு குறையும் இல்ல" என்றேன். உன் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன்னால் இங்கே நடந்த ஒரு கூத்தைச் சொல்ல வேண்டும். வேறு யாராவது சொல்லி உனக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

பஸ் நிறுத்தத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'முழங்கால் வலி உள்ளவர்கள் தேவை.' எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வயதில் கிழவனை வேலைக்குத்தான் யாரும் தேடுவதில்லை, வலிக்காவது தேடுகிறார்களே என்று போனேன். பெரிய ஆஸ்பத்திரியின் பின்கட்டில் சீன வைத்தியத்தை ஆராய்ச்சி செய்கிறார்கள். பாதிப் பேருக்கு ஊசி மட்டும் குத்துவார்களாம். மீதிப் பேருக்கு ஊசியோடு சூடும் காட்டுவார்களாம். யாருக்கு வலி அதிகமாகக் குறைகிறது என்று பார்த்துக் கணக்கெடுப்பார்கள். என்னைச் சூட்டில் சேர்த்தார்கள்.

ஊசி என்றதும் பயப்படாதே, தலைமுடி கனம்கூட இல்லை. சூடுதான் வேடிக்கை. மாசிபத்திரி மாதிரி ஒரு வாசனைச் செடியைக் காயவைத்து, இடித்துப் பஞ்சாக்கி, காகிதத்தில் சுருட்டிச் சுருட்டு போலச் செய்திருக்கிறார்கள். அதன் நுனியைப் பற்றவைத்து முட்டியில் குறித்த இடத்துக்கு நேராகப் பிடிப்பார்கள். தோலில் படாது, அனல் மட்டும் இறங்கும். காய்ந்த புல் எரிகிற வாசனை வரும். பிடிக்கிற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். எப்போதும் புகைக்குள்ளேயே இருப்பதால் நானாக அவருக்குப் புகையம்மா என்று பேர் வைத்துக்கொண்டேன்.

அங்கே ஒரு சட்டம். வைத்தியம் செய்கிறவர் எங்களோடு பேசக் கூடாது. ஆறுதலாக நாலு வார்த்தை பேசினாலே சிலருக்கு வலி குறைந்துவிடுமாம், பிறகு எது குணமாக்கியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று பெரிய டாக்டர் விளக்கினார். நியாயம்தான். அதனால் புகையம்மா கேட்கிற ஒரே கேள்வி, "சூடு தெரியுதா?" தெரிகிறது என்றால் சுருட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த புள்ளிக்குப் போவார். எல்லாப் புள்ளியும் முடிந்தால் திரையை இழுத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

நீ இதைப் படித்துத் தலையில் அடித்துக்கொள்வாய், பரவாயில்லை. அவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். ஒரு மனுஷர் எதிரே உட்கார்ந்து என்னிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு, நான் பதில் சொல்கிறவரை வேறு எங்கும் பார்க்காமல் இருந்தார். அது எனக்குப் பிடித்துவிட்டது. முதலில் கொஞ்சம் தாமதித்துச் சொன்னேன். அப்புறம் "இன்னும் தெரியல" என்றேன். அவரும் நம்பினார். இத்தனை வருடம் பேக்கரி அடுப்படியில் நின்ற கால் மரத்துத்தான் போயிருக்கும் என்று நினைத்திருப்பார். சுருட்டை இன்னும் கிட்டே கொண்டுவந்தார். மறுபடி கேட்டார். மறுபடி தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் முட்டியில் கொப்புளம். இப்போது ஆறிவிட்டது, கவலைப்படாதே.

அடுத்த முறை போனபோது அங்கே வேலை செய்கிற ஒரு பெண் அதைப் பார்த்துப் பதறி, ஓடிப் போய்ப் பெரிய டாக்டரிடம் சொல்லிவிட்டாள். புகையம்மாவை உள்ளே கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை, பேசியது காதில் விழுந்தது. நோயாளியின் தோலைச் சுட்டுவிட்டால் அதோடு வைத்தியம் செய்தவர் ஆராய்ச்சியில் இருக்க முடியாதாம். அந்த அம்மா, கேட்டுக் கேட்டுத்தான் வைத்தேன் என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். அதை அங்கே யாரும் எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி.

"அவங்க கேட்டாங்க டாக்டர். எனக்குச் சுட்டுது. சொன்னா எழுந்து போயிடுவாங்கன்னு நான்தான் சொல்லல."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தணிந்த குரலில், "உங்க கால் விஷயத்தை இனிமே எங்க கணக்குல சேர்க்க முடியாதுங்க ஐயா" என்றார். புகையம்மா மீது தப்பில்லை என்று ஆகிவிட்டது. என்னை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இதில் பெரிய தமாஷ் என்ன தெரியுமா, வலி நன்றாகவே குறைந்திருக்கிறது. படிகளில் நிற்காமல் ஏறுகிறேன். ஊசியாலா, சூட்டாலா, அந்தக் கேள்வியாலா என்று இனி ஒருத்தருக்கும் தெரியப் போவதில்லை.

கிளம்பும்போது புகையம்மா படிக்கட்டுவரை பின்னாலேயே வந்தார். சட்டம் இனி எனக்கு இல்லையே, நன்றாகத் திட்டினார். "வயசானவர்னு நம்பினா இப்படியா செய்வீங்க? தோல் வெந்து புண்ணாகியிருந்தா?" என்றார். தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், திட்டுக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று! அப்புறம் குரல் இறங்கி, வீட்டில் யாரும் இல்லையா என்று கேட்டார். இருக்கிறாள், மகன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

"எப்ப வருவாங்க?"

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

அது நடந்த செவ்வாய்க்கிழமையிலிருந்து எங்கும் போக வேலையில்லை. வகுப்பு மாலையில்தான். பகலெல்லாம் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் வருகிறது.

மகன் கேட்டதற்கு ஸ்பீக்கரில் சொன்ன பதில் அவனுக்காகச் சொன்னது. அவன் மீது எனக்கு வருத்தம் இல்லை, அவனுக்கும் அவன் கஷ்டம். பேரன் உன்னைத் தேடுவான் என்பதும் தெரியும். நீ அங்கே சந்தோஷமாக இருந்தால் இந்தப் பத்தியைப் படிக்காத மாதிரி மடித்து வைத்துவிடு. உனக்கும் அங்கே பகல் நீளமாக இருந்தால், டிக்கெட் விஷயம் பேசும்போது நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல். உன் குரலைக் கேட்டால் மீதியை நான் பேசிக்கொள்கிறேன்.

குழந்தைக்கு என் முத்தம். மகனும் மருமகளும் ஒரு குறையுமில்லாமல் நன்றாக இருக்கட்டும்.

அடுத்த வாரமும் எழுதுவேன், இதைவிடக் கொஞ்சம் நேராக. அந்தக் கடிதம் வந்து சேரும்போது அதை வாங்கிப் படிக்க நீ அங்கே இல்லாவிட்டால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்