காலிக் கட்டத்தில் போட்ட சைபர்

அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், அம்மாவின் முழங்கால் மட்டும் சுகமில்லை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாக இருக்க வேண்டும், பொழுது விடிந்தால் எங்களுக்கு அதே நினைப்பு. போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்பாய். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால்தான்.

உடம்பும் மனசும் அசந்துபோய்க் கிடக்கிறது. பிரசவ வார்டில் முப்பது வருஷம் நோட்டில் பதிவு எழுதியவனைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள் என்று சொன்னேன் இல்லையா. பிள்ளை பெற்றவளுக்கு ஆஸ்பத்திரியிலேயே கிருமி தொற்றுமா என்று அது முன்கூட்டியே சொல்லுமாம். ஆபரேஷனா, பனிக்குடம் உடைந்து எத்தனை மணி நேரம், சிறுநீர்க் குழாய் எத்தனை நாள், பிரசவத்துக்கு முன் உள்ளே கைவிட்டுப் பரிசோதித்தது எத்தனை தடவை, இப்படி இருபது கட்டம். நிரப்பினால் ஒரு நிறம் காட்டும். சிவப்பு என்றால் நர்ஸ் மேஜைக்குப் பக்கத்துக் கட்டில், அடிக்கடி காய்ச்சல் பார்ப்பார்கள். பச்சை என்றால் கோடிக் கட்டில், காலையும் மாலையும் பார்த்தால் போதும். தலைமை நர்ஸம்மா முதலில் அதைச் சோசியக்காரன் என்றுதான் கேலி செய்தார், இரண்டு பேருக்குச் சரியாகச் சொன்னதும் அவரே அதற்கு உறை தைத்துப் போட்டார்.

இப்போது நான் செய்த காரியத்தைக் கேள். கை உள்ளே போகப் போகக் கிருமி பயம் கூடும், ஆனால் பரிசோதித்தது எத்தனை தடவை என்பதை யாரும் சீட்டில் எழுதுவதே இல்லை. ஒரு டாக்டர் பார்ப்பார், அவர் போனதும் இன்னொருவர், அப்புறம் படிக்கிற பிள்ளைகள் இரண்டு பேர், இதில் யார் எழுதுவது. கட்டத்தைக் காலியாக விட்டால் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகாமல் முரண்டு பிடிக்கும். நான் பாட்டுக்குச் சைபர் தட்டிவிட்டேன். ஒருத்திக்கு இல்லை, மாதக்கணக்காக எல்லாருக்கும். போன வாரம் ஒரு தையல்காரர் மனைவிக்குத் தலைப்பிரசவம், வலியெடுத்து வெகுநேரம் கழித்து ஆபரேஷன். சைபர் போட்டேன், பச்சை காட்டியது, கோடிக் கட்டிலுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மத்தியானம் குளிர் தூக்கிப் போட்டது, பார்த்தால் கர்ப்பப்பை வரைக்கும் சீழ். குழந்தையைப் பிரித்து வைத்தார்கள். அவள் புருஷன் கழுத்தில் கிடந்த இன்ச் டேப்பை எடுக்கக்கூடத் தோன்றாமல் நான்கு நாள் என் ஜன்னலுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அவளுக்குக் காய்ச்சல் கண்ட இரண்டாம் நாளே நர்ஸம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நேற்றுதான் அவளுக்குக் காய்ச்சல் விட்டது, குழந்தையைக் கையில் கொடுத்தார்கள். நானே கட்டிலுக்குப் போய், தப்பு என்மேல்தான் அம்மா, தெரியாததற்குச் சைபர் போட்டுவிட்டேன் என்றேன். அவள் கோபப்படவில்லை. "ஏழு தடவைங்க. எண்ணிக்கிட்டேதான் படுத்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். இருபதடி தூரத்தில் ஆள் படுத்திருக்கிறாள், எனக்கு எழுந்து போய்க் கேட்கத் தோன்றவில்லை பார். இப்போது நோட்டைத் தூக்கிக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போய்க் கேட்கிறேன், கால் கடுக்கிறது, கடுக்கட்டும்.

உனக்கும் நாள் நெருங்குகிறது. அங்கேயும் என்னை மாதிரி ஒருத்தன் உட்கார்ந்திருப்பான், நம்பாதே. பனிக்குடம் உடைந்த நேரத்தையும் பரிசோதித்த தடவையையும் நீயே எண்ணி வைத்துக்கொள், கேட்காவிட்டாலும் சொல். தொட வருகிறவர்களிடம் கை கழுவினீர்களா என்று கேள், கூச்சப்படாதே. பேர்தான் உனக்கு வாயாடி, போன் பண்ணினால் நல்லா இருக்கேன்ப்பா என்று ஒரே வார்த்தை, உடனே அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். உன் கால் வீங்கியிருப்பதே மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொல்லாமல் விட்டதற்கெல்லாம் நானும் இத்தனை நாள் சைபர்தான் போட்டு வந்திருக்கிறேன்.

போகும்போது ஒருத்தியாகப் போகிறவள் திரும்பும்போது கையில் பிள்ளையோடு, குறை ஒன்றுமில்லாமல் வீட்டுப்படி ஏற வேண்டும், அம்மாவும் நானும் மனசாரக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். பதிலை மாப்பிள்ளையை எழுத விடாதே, நீயே எழுது. கால் வீக்கம் இப்போது எப்படி இருக்கிறது? தூங்க முடிகிறதா? பயமாக இருக்கிறதா அம்மா?

கேட்க மறந்திருந்த
உன் அப்பா