மஞ்சள் கோட்டுக்குப் பின்னாலை ஏத்தினது

கிரின்ஸ்டெட்,
மார்ச் 9, திங்கள்

அன்பு மகன் ஜெரோசனுக்கு,

கர்த்தருடைய கிருபையாலை நானும் அப்பாவும் இஞ்சை சுகமாய் இருக்கிறம், நியூசிலாந்திலை உன்ர சுகத்துக்காகக் காலமையும் பின்னேரமும் செபிக்கிறம். சுகம் எண்டு எழுதிப்போட்டன், ஆனால் போன கிழமை நீ அனுப்பின செய்தியைப் பாத்ததிலை இருந்து எனக்குச் சாப்பாடு இறங்கேல்லை. அம்மா ஏன் போனிலை சொல்லாமல் கடிதம் எழுதுறா எண்டு யோசிப்பாய். போனிலை எண்டால் நான் பாதியிலை கதையை மாத்திப்போடுவன் ராசா, எனக்கு என்னைத் தெரியும். இப்ப ரோட்டிலை நிண்ட தபால் பெட்டியளையும் கழட்டிப்போட்டாங்கள், கடையிலை குடுத்துத்தான் அனுப்பவேணும், வர எத்தினை நாள் செல்லுமோ தெரியாது. அதாலை எழுதி முடிச்சோடனை படமெடுத்தும் அனுப்புறன், பேப்பரும் பின்னாலை வரும், பேந்து நான் படத்தை அழிச்சாலும் எழுதினதை மறுக்கேலாது. சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு நீ அழுதழுது போன பலன் இண்டைக்கு எனக்குத்தான், ஆறுதலாய் வாசி.

முதல் வீட்டுப் புதினம். அப்பாவின்ர தோள் பொருந்தீட்டுது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார், இப்ப கரண்டியைத் தானே பிடிச்சுச் சாப்பிடுறார், தேத்தண்ணிக் கோப்பை தூக்கேக்கைதான் கொஞ்சம் நடுக்கம். வாதம் வந்த வலப்பக்கம் அப்பிடியேதான், பேச்சும் அப்பிடித்தான், ஒரு சொல்லுக்கு ஒரு நிமிசம் வேணும், ஆனால் விளங்காதது ஒண்டுமில்லை. எனக்கு முதியோர் பிளையஹெம்மிலை கிழமைக்கு நாலு நாள் வேலை, வயது போன டேனிஷ்காரரைத் தூக்கித் தூக்கி என்ர நாரிக்கும் வயது போட்டுது. காருக்குப் பின்னாலை கொழுவி இழுக்கிற எங்கட கம்பிங் வண்டி திருத்தி வந்து வீட்டு முத்தத்திலை நிக்குது, புதுத் தகடு பழசோடை நிறம் சேரேல்லை, குசினி யன்னலாலை பாக்கிற நேரமெல்லாம் அந்தத் தகடுதான் கண்ணிலை படுது.

இனி எழுத வேண்டியதை எழுதிறன். நீ அந்தச் செய்தியிலை, கம்பிங் வண்டியளுக்குச் சாமான் பொருத்தி நிறை பாக்கிற வேலையை விடப்போறன், சொந்தத் தாய் தேப்பனையே பள்ளத்துக்குள்ளை விழுத்தினவன் மற்றச் சனத்தின்ர வண்டிக்கு எப்பிடிக் கையெழுத்து வைக்கிறது, மாத முடிவிலை முதலாளிக்குச் சொல்லப்போறன் எண்டு எழுதியிருந்தாய். தம்பி, போன யூலையிலை வண்டி பள்ளத்துக்குள்ளை போனது உன்ர பிழையில்லை. காத்தின்ர பிழையும் இல்லை. அது நான் செய்தது. எட்டு மாசமாய் உனக்குப் பொய் சொல்லியிருக்கிறன்.

நீ வந்து நிக்கேக்கை ரெண்டு வண்டி பாத்தனாங்கள், ஞாபகம் இருக்கோ. எனக்குப் பிடிச்சது முதல் வண்டி, யன்னல் சீலை நல்ல வடிவு. நீ அதின்ர பின்கதவைத் திறந்து பாத்திட்டு, இதிலை சாமான் ஏத்திற கராஜ் வாலிலை கிடக்குது, அப்பா ஏறித் திரியிற பற்றரி ஸ்கூட்டர் நூற்றிருபது கிலோ, அது வாலிலை நிண்டால் மூக்குத் தூக்கும், வால் ஆட வெளிக்கிட்டால் காரையும் இழுத்துக்கொண்டு போகும் எண்டு சொல்லி மற்ற வண்டியை எடுப்பிச்சாய், அதிலை கராஜ் நிலம் சில்லுக்கு மேலை மட்டும் முன்னுக்கு வருது எண்டு. நிலத்திலை மஞ்சள் நாடா ஒட்டி, ஸ்கூட்டர் இந்தக் கோட்டுக்குள்ளை, அரிசி, காஸ் அடுப்பு, சட்டி பானை, தண்ணிக் கான் எல்லாம் முன் கட்டிலுக்குக் கீழை எண்டு தமிழிலை எழுத்துப் பிழையோடை எழுதிப் பின்கதவிலை ஒட்டினாய். பேந்து எல்லாத்தையும் அப்பிடியே ஏத்தி, குளியலறைத் தராசிலை பலகையை நிப்பாட்டி வண்டி மூக்கை அதிலை இறக்கினாய், எண்பது கிலோ காட்டிச்சுது, எங்கட காரின்ர கொக்கிக்கு இந்த அமத்தம்தான் சரி எண்டாய். பொடியன் வண்டிக்கும் நிறை பாக்கிறான் எண்டு நான் சிரிச்சனான்.

மேற்குக் கடற்கரைக் கம்பிங்கிலை முதல் ரெண்டு நாளும் நீ சொன்ன மாதிரி முன்பக்கம்தான் சமைச்சன். ரெண்டாம் நாள் மீன் பொரிச்சன், கருவாடுகூட இல்லை, துறைமுகத்திலை வாங்கின பச்சை மீன். பக்கத்து வண்டிக்காரி எழும்பிப் போய்த் தன்ர யன்னலைச் சாத்தினா. அவ்வளவுதான் ராசா. ஒரு சொல்லுச் சொல்லேல்லை, முகம் சுளிக்கேல்லை, மழை தூறினதுக்குச் சாத்தினாவோ தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. முப்பது வரியமாய் இந்த நாட்டுச் சனத்தைக் குளிப்பாட்டி உடுப்பு மாத்தி விடுறன், ஒரு யன்னல் சாத்தினதுக்கு எனக்கு நிக்க இடமில்லாமல் போச்சு. பின்கராஜ் பத்தைப் பக்கம் திறக்கிறது எல்லே, பகலிலை ஸ்கூட்டரும் வெளியிலைதான், குசினியை முழுக்கப் பின்னுக்கு மாத்தினன். அடுப்பு, அரிசி மூட்டை, மீன் பெட்டி, எல்லாம் உன்ர மஞ்சள் கோட்டுக்குள்ளை வைச்சு இறுக்கிக் கட்டிப்போட்டு, கதவைப் பாதி சாத்திக்கொண்டு பத்து நாள் களவெடுக்கிறவள் மாதிரிச் சமைச்சன். நீ மூண்டாம் வகுப்பிலை மீன் ரொட்டியைப் பள்ளிக்கூடப் பத்தைக்குள்ளை எறிஞ்சதுக்கு நான் உனக்கு அடிச்சனான், எங்கட சாப்பாட்டுக்கு வெக்கப்படுறியோ எண்டு கேட்டுக் கேட்டு அடிச்சனான். அதை நினைச்சுக்கொண்டும் அந்தக் கதவைச் சாத்தினனான்.

வெளிக்கிடுற அண்டு காலமை நல்ல மழை. கட்டினதை அவிட்டு முன்னுக்குக் கொண்டுபோறதெண்டால் அந்தச் சனத்துக்கு முன்னாலை எண்ணெய்ச் சட்டியும் மீன் பெட்டியுமாய் ஆறேழு நடை நடக்கவேணும். அதுக்கு மனம் வரேல்லை. குசினியைக் கோட்டுக்குள்ளையே விட்டிட்டு ஸ்கூட்டரை அதுக்குப் பின்னாலை, வாலிலை ஏத்திக் கட்டினன். அப்பா சில்லுக் கதிரையிலை மழைக்கோட்டோடை பின்கதவடியிலை இருந்தவர், இடக்கையாலை உள்ளுக்குக் காட்டினார், பேந்து நீ கதவிலை ஒட்டின பேப்பரிலை தட்டினார். ரெண்டு தரம் தட்டினார். சும்மா இருங்கோ, நனையிறியள் எண்டு சொல்லிக் கதவைப் பூட்டினன். மணிக்கு எண்பது கிலோமீற்றரிலைதான் போனன். ஒரு லொறி முந்திக்கொண்டு போகேக்கை வால் ஒருக்கா ஆடிச்சுது, பேந்து பெரிசாய் ஆடிச்சுது, பேந்து ஸ்டியரிங் என்ர கையிலை இல்லை. நாங்கள் பள்ளத்துக்குள்ளை சரிஞ்சு கிடந்தம். அப்பாவுக்கு முறிஞ்சது இடந்தோள், வாதம் விட்டுவைச்ச ஒரே பக்கம், அந்தப் பேப்பரிலை தட்டின கை. ஏழு கிழமை அவருக்கு நான் தீத்தினன், ஒவ்வொரு கரண்டிக்கும் அவர் என்னைப் பாத்துக்கொண்டுதான் வாய் திறந்தவர்.

பொலிசுக்குக் காத்து எண்டன். நீ எடுத்து ஸ்கூட்டர் கோட்டுக்குள்ளையோ நிண்டது எண்டு கேட்டாய், ஓம் எண்டன். மூண்டு தரம் கேட்டாய், மூண்டு தரமும் ஓம் எண்டன். அப்பிடியெண்டால் என்ர கணக்குத்தான் பிழைச்சிருக்கு எண்டு சொல்லிப்போட்டு நீ போனை வைச்சாய். உண்மையைச் சொன்னால் ஏன் மாத்தி ஏத்தினாய் எண்டு கேப்பாய், மணத்துக்கு வெக்கப்பட்டு எண்டு உனக்கு, நான் அடிச்ச பிள்ளைக்கு, எப்பிடிச் சொல்லுறது. இதோடை நிண்டிருந்தாலும் பரவாயில்லை. சபையிலை சாட்சி சொல்லுற நேரம் எழும்பி, மகன் போட்ட கணக்குப் பிழைச்சாலும் ஆண்டவர் எங்களைக் கைவிடேல்லை எண்டு சொன்னன். எல்லாரும் அல்லேலூயா எண்டாங்கள், மேரிசெலின் அக்கா என்ர கையைப் பிடிச்சு அழுதா. ஆண்டவருக்கு முன்னாலை நிண்டு பெத்த பிள்ளையிலை பழி போட்டனான். இன்னொண்டும் இருக்கு, இதுதான் எனக்கு எழுதக் கை வராதது. ஒருக்கா போனிலை உனக்கு அப்பா ஏதோ சொல்ல வெளிக்கிட்டு முதல் சொல்லுக்குத் திண்டாடினாரே, நான் வாங்கி அவருக்குக் களைப்பு எண்டு சொன்னனே, அவருக்கு ஒரு களைப்புமில்லை. என்ன சொல்லப்போறார் எண்டு தெரிஞ்சு போனைப் பறிச்சனான். வாய் ஏலாத மனிசனிட்டைப் பறிச்சனான். அதுக்குப் பிறகு அவர் போனைக் கேக்கிறதே இல்லை.

உன்ர செய்தி வந்தாப் பிறகு, முந்தநாள் சனிக்கிழமை, வண்டியை அண்டைக்கு ஏத்தின மாதிரியே திருப்பி ஏத்தினன். ஸ்கூட்டரிலை நானே ஏறியிருந்து பலகையாலை உள்ளுக்கு ஓட்டினன், பக்கத்து வீட்டு மனிசன் நாயோடை நிண்டு பாத்தவர், பாக்கட்டும். மூக்கைத் தராசிலை இறக்க, இருபத்திரண்டுதான் காட்டிச்சுது. பேந்து எல்லாத்தையும் இறக்கி உன்ர பேப்பரைப் பாத்துப் பாத்து, கோட்டுக்குள்ளை ஸ்கூட்டர், கட்டிலுக்குக் கீழை குசினி எண்டு ஏத்தி வைச்சன். எண்பத்தொண்டு. அந்தக் கூடின ஒரு கிலோவும் நான் அரிசி கூடப் போட்டதாலைதான். ரெண்டு தரமும் தராசைப் படமெடுத்தனான், அந்தப் படங்களும் இதோடை அனுப்புறன், உன்ர முதலாளிக்கும் காட்டு, என்ர தாய் செய்த வேலை எண்டு சொல்லியே காட்டு. நேற்றுச் சபையிலை திருப்பி எழும்பி நிண்டு எல்லாத்தையும் சொன்னன். ஒருத்தரும் அல்லேலூயா சொல்லேல்லை. மேரிசெலின் அக்கா குனிஞ்சு வேதாகமத்தைப் பிரட்டிக்கொண்டிருந்தா. அப்பா மட்டும் என்ர சட்டைக் கரையைப் பிடிச்சு இருக்கச் சொல்லி இழுத்தார்.

மன்னிப்புக் கேக்க எனக்கு முகமில்லை, ஆனாலும் கேக்கிறன் மகன். கோவமெண்டால் கோவப்படு, பேசவேணுமெண்டால் பேசு, வேலையை மட்டும் விட்டிடாதை. உன்ர கோடு சரியான இடத்திலைதான் ஒட்டியிருந்தது. அங்கை குளிர் தொடங்கப்போகுது, காதை மூடித் தொப்பி போடு, நேரத்துக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்ர போக்கையும் வரத்தையும் காப்பாராக, உன்ர கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக.

மறந்திடாதை, புதன்கிழமை எனக்கு வேலையில்லை. இஞ்சத்தை நேரம் காலமை ஒன்பது மணிக்கு எடு. நான் போனை அப்பாவின்ர கையிலை குடுத்திட்டு முத்தத்திலை போய் நிப்பன். அவருக்கு முதல் சொல் வரச் சுணங்கும். நீ வைச்சிடாதை.

உனக்குப் பொய் சொன்ன,
உன்ர அம்மா
இன்பமலர்