பிரானின் கழுத்துமணி

அன்புள்ளவனுக்கு,

கப்பலில் குளிர் எப்படி? இங்கே பிரான் போனபிறகு மிஞ்சிய நம் ஃபெரெட்டுகள் இரண்டும், நெட்டிலும் மோஸும், பிள்ளைகளோடு சேர்ந்து கீரிக்கூட்டம் போல ஓடுகின்றன. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று நீ கட்டிவிட்ட கழுத்துமணிகள் ஓய்வதே இல்லை.

நேற்றுக் காலை நெட்டில் என் கையில் ஈரத்துணி மாதிரித் தொங்கியது. எவ்வளவு உலுக்கியும் கண் திறக்கவில்லை. புதைக்க ஒரு செருப்புப் பெட்டி தேடப் போனேன். அதற்குள் பெரியவள் எல்ஸ்பெத் அதன் மூக்கில் மீன் எண்ணெய் தடவியிருக்கிறாள். கொட்டாவி விட்டு எழுந்துகொண்டது!

"சாகலம்மா. இதுங்க அசந்து தூங்குனா இப்படித்தான் கிடக்குமாம், டாக்டரம்மா சொன்னாங்க" என்றாள். அப்புறம் கேட்டாள்: "பிரானுக்கு அப்பா எண்ணெய் தடவிப் பாத்தாரா?"

அடுப்பில் கஞ்சி பொங்குகிறது என்று எழுந்து போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கப்பலேறும் அவசரத்தில் ஆப்பிள் மரத்தடியில் நீ பிரானைப் புதைத்தாயே, அங்கே மண் விலகிக் கிடக்கிறது. நரியின் வேலையாக இருக்கும்.

ஒன்றை மட்டும் எழுது. புதைக்கும்போது பிரானின் மணியைக் கழற்றினாயா?

நெட்டிலும் மோஸும் இப்போது என் மடியில்தான், அசையாமல் படுத்திருக்கின்றன. கொல்லைக் கதவுக்கு வெளியே மணி கேட்கிறது. எல்ஸ்பெத் தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள், "திறக்கட்டுமாம்மா?"

உன்னுடையவள்