நான் ஒளிச்ச கடிதம்

என்ரை அன்புச் சாந்தி,

நீர் கண்ணை மூடி ஒரு வருசமாகுது. பேத்தி மீராவுக்கு இரண்டு வயது முடிஞ்சுது. எங்கட தர்சி பதினாறு வயசிலை தாயானபோது நீர் அழுத அழுகை இந்த வீட்டுச் சுவரிலை இன்னும் ஒட்டிக்கிடக்கு. தனிய இருந்தால் எனக்குக் கேட்கும்.

பிள்ளை பிறந்தாப்பிறகு தர்சி திரும்பவும் எங்கட ஸ்ட்ரெதம் வீட்டடியிலையிருந்து பஸ் எடுத்து கொலிஜுக்குப் போனவள். படிக்கிற தாய் எண்டபடியால் மீராவுக்கு நேர்சரியிலை இடம் குடுத்தவை. பிள்ளை அங்கைதான் கதைக்கத் தொடங்கினது.

பிறகு தர்சிக்கு ஒரு பிரவுண் கவர் வந்தது. அவளின்ரை போன் உடைஞ்சு கிடந்த கிழமை. என்ரை இங்கிலிஸ் உமக்குத் தெரியுந்தானே? உடைச்சுப் பார்த்தன். ‘சைல்ட்’, ‘மஸ்ட்’ ரெண்டும் விளங்கிச்சு, மிச்சத்தைப் பயம் வாசிச்சுது. அரசாங்கக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகப்போறாங்கள் எண்டு நினைச்சு, கடிதத்தைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னாலை செருகிப்போட்டன். அவருக்கு என்னைவிட இங்கிலிஸ் ஓடுமாக்கும்.

விசயம் வேறை எண்டு பிறகுதான் விளங்கிச்சு. பெனிபிட் எண்டு அரசாங்கம் குடுக்கிற உதவிக்காசின்ரை விதியளை இறுக்கிப்போட்டினம். பிள்ளைக்கு ரெண்டு வயசானால் தாய் ஆபீசுக்குப் போய் வேலையைப் பற்றிக் கதைக்கவேணுமாம். தர்சி போகேல்லை. காசை வெட்டிப்போட்டாங்கள்.

“அப்பா, எனக்கு லெட்டர் ஏதும் வந்ததே?”

“இல்லைப் பிள்ளை.”

“ஷுவரோ?”

“ஓம். எனக்கென்ன விசரே?”

விசர்தான், சாந்தி.

அவள் படிப்பை விட்டிட்டு விடிய வெள்ளன துப்புரவு வேலைக்குப் போறாள். படிப்பு நிண்டதோடை நேர்சரி இடமும் போச்சு. மீரா இப்ப என்னோடை. ஒவ்வொரு காலமையும் தானே செருப்பைக் கொழுவிக்கொண்டு கதவடியிலை நிக்கிறாள். நேர்சரி நிண்ட நாளிலையிருந்து வாயிலை ஒரு சொல் இல்லை. நேற்று உம்மட வெறுங் கதிரையைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நிண்டவள், திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஒளிச்சதை நீர் அவளிட்டைச் சொல்லிப்போட்டீரோ?

தாய் ஒருநாள் வரேல்லை எண்டால் ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஏன் தண்டனை? போய்ச் சண்டை பிடிக்கலாம் எண்டு எழும்புவன். பிள்ளையார் படத்தைக் கண்டதும் இருந்திடுவன்.

இண்டைக்கு அவள் வேலையாலை வந்து கோட்டைக் கழட்டமுன்னம் சொல்லுவன். ஆபீசிலையும் அவளுக்குப் பக்கத்திலை நிண்டு, “ஒளிச்சது நான்” எண்டு என்ரை ஓட்டை இங்கிலிசிலை சொல்லுவன். தர்சி என்னோடை கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை. மீரா கதைக்கவேணும்.

உம்மட மனிசன்,
தர்சியின்ரை அப்பா, மீராவின்ரை அம்மப்பா