இடது பக்கம் இழுக்கும் நாற்காலி

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. அப்பாவுக்கு நலமில்லை. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போனில் சொல்லியிருக்கலாம். நீ போனை எடுத்ததும் அழுகிறாய். நீ அழுதால் அப்பா உன்னைச் சிரிக்கவைக்கப் பார்க்கிறார். முடியாமல் போனதும் போனை என் கையில் திணித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அப்புறம் யாரோடும் பேச்சில்லை. அதனால்தான் கடிதம்.

கட்டி கல்லீரலுக்குப் பரவிவிட்டது. இனி கத்தி வைத்துப் பயனில்லை என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். நான் ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு கேள்வி மேல் கேள்வி கேட்டேன். மெஷினா இருந்தா பார்ட்டை மாத்தலாம் தம்பி என்றார். எரிச்சலாக வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. அப்பாவுக்கும் எல்லாம் தெரியும். நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

எல்லாவற்றையும் விற்றுவிட்டு அவரை அங்கே அழைத்து வரச் சொல்லி அத்தான் எழுதியிருந்தார். விமானம் ஏறுகிற நிலையில் அப்பா இல்லை. விற்கவும் அவசியமில்லை. சலவை ஆலை, நாற்காலி வாடகை, குளிர்கிடங்கு மூன்றும் ஓடுகின்றன. அவர் இல்லாவிட்டாலும் ஓடும். அப்படித்தான் கட்டியிருக்கிறார். ஒரு பெயர்ப்பலகையிலாவது தன் படத்தைப் போட விட்டாரா? மூஞ்சிக்கு வர்ற கூட்டம் மூஞ்சியோட போயிடும்டா என்பார்.

மேடையில் கோமாளித்தனம் பண்ணுகிறவனுக்கு எங்கிருந்து இத்தனை தொழில் புத்தி என்று ஊரில் கேட்பார்கள். புத்தியெல்லாம் இல்லை, காதுதான். லாட்ஜ் விரிப்பைப் பற்றிச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? எனக்கு முன்னால் படுத்தவன் உருவம் அப்படியே விரிப்பில் இருந்தது, சரி ஆளுக்குப் பாதி என்று நான் ஓரமாகப் படுத்துக்கொண்டேன் என்று. எந்த ஊர் மேடையிலும் அதற்குத்தான் கூரை பிய்ந்துகொண்டு போகும். இத்தனை பேர் சிரிக்கிறான் என்றால் இத்தனை பேரும் அழுக்கு விரிப்பில் படுத்திருக்கிறான் என்று கணக்குப் போட்டார். சலவை ஆலை வந்தது. கல்யாண வீட்டில் உட்கார்ந்த நாற்காலி உடைந்து அவர் போய் மாப்பிள்ளை காலில் விழுந்ததையும், மாப்பிள்ளையே அவரை எழுப்பிவிட்டு ஆசீர்வாதம் பண்ணியதையும் சொல்லிச் சொல்லித்தான் நாற்காலி வாடகைக்கு வந்தார். என்மேல் எறியக்கூட இந்த ஊரில் நல்ல தக்காளி கிடைக்கவில்லை என்றார். ஊரே சிரித்தது. குளிர்கிடங்கு கட்டினார்.

இதெல்லாம் உனக்குத் தெரிந்த கதைதான். இதன் மறுபக்கம் எனக்கே போன வாரம்தான் உறைத்தது.

வார்டில் கொஞ்சம் தெம்பாக எழுந்து உட்கார்ந்தவர், பக்கத்துக் கட்டில்காரர்களிடம் லாட்ஜ் விரிப்பு ஜோக்கை எடுத்துவிட்டார். இழுக்க வேண்டிய இடத்தில் இழுத்து, நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, பழைய மாதிரியே சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு கல்லூரிப் பையன், லாட்ஜில் விரிப்பு அழுக்காவா இருக்கும் சார் என்று நிஜமாகவே சந்தேகம் கேட்டான். அவன் படுத்திருந்த விரிப்பு நம் ஆலையில் துவைத்தது, மொடமொடவென்று. அப்பா அதைத் தடவிப் பார்த்தார். அந்த ஜோக்கை நானே துவைச்சுக் காயப்போட்டுட்டேன்டா என்றார். நாற்காலியைச் சொல்லிப் பார்த்தார், தக்காளியைச் சொல்லிப் பார்த்தார். ஊஹும். அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். இந்த வார்டுக்குச் சக்கர நாற்காலி ஒன்றுதான் இருக்கிறது. இடது பக்கமாகவே இழுக்கும். காரிடார் முடிகிற இடத்தில் வலது பக்கம் ஸ்கேன் அறை, இடது பக்கம் பிணவறை. வார்டு உதவியாளர் தம் கட்டி வலது பக்கம் திருப்ப, அது பிடிவாதமாக இடது பக்கம் போனது. அப்பா நாற்காலியின் கையைத் தட்டிக் கொடுத்து, கொஞ்சம் பொறுடா, டாக்டரே இன்னும் தேதி குறிக்கலை, உனக்கென்ன அவசரம் என்றார். உதவியாளர் சிரித்த சிரிப்பில் பிடியை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அது பாட்டுக்கு இடது பக்கம் உருண்டது. நான் ஓடிப்போய்ப் பிடித்தேன்.

திரும்பி வந்ததும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி நடித்துக் காட்டினார். அத்தனை பேரும் அந்த நாற்காலியில் போய் வந்தவர்கள். வயிற்றில் தையல் போட்ட பஸ் டிரைவர் ஒருவர், ஐயா நிறுத்துங்க, பிரியுது பிரியுது என்று கெஞ்சினார். கல்லூரிப் பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

எனக்கு நாற்காலிமேல்தான் கண். முன் சக்கரத்துப் பேரிங் போயிருக்கிறது. ஐந்து நிமிட வேலை. ஸ்பேனர் பையிலேயே இருந்தது. மண்டி போட்டு நட்டைத் திருகப் போனேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பலமில்லை. டேய் இன்ஜினீயர், மூணு ஜோக்கைக் கொன்னுதான் உங்க ரெண்டு பேருக்கும் சோறு போட்டேன், இந்த ஒண்ணை எனக்கு விட்டுவை என்றார்.

எழுந்துவிட்டேன். பழுது தெரிந்தும் கை வைக்காமல் எழுந்தது அதுதான் முதல் தடவை.

அக்கா, புறப்பட்டு வா. லீவு, டிக்கெட் என்று இழுக்காதே. அழுதுகொண்டு வார்டுக்குள் நுழையாதே, வாசலிலேயே முகத்தைக் கழுவிக்கொள். அந்த நாற்காலியை நீதான் தள்ள வேண்டும். நான் தள்ளினால் என்னை அறியாமலே நேராக்கிவிடுகிறேன், கை அப்படிப் பழகிவிட்டது. நீ, அது இழுக்கிற பக்கமே விடு. திரும்புகிற இடத்தில் ஏதாவது சொல்வார், தினமும் புதிதாக ஒன்று வைத்திருக்கிறார். எனக்குச் சிரிக்க வராது, உனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்தே அவர் வாயைத் திறந்தாலே சிரிப்பவள் நீதான்.

நல்லபடியாக வந்து சேர். அப்பா நாற்காலியில் உட்காருகிற நிலையில் இருக்கும்போதே வந்துவிடு.

இப்படிக்கு,
உன் தம்பி

பி.கு.: புதுப் பேரிங் வாங்கி வைத்திருக்கிறேன். அப்புறமாக மாட்டிக்கொள்கிறேன்.